எல்லா மருந்துகளும் ஒரே பையில் வரட்டும்

கல்லூரி மாணவர் ஒருவர் கடும் நெஞ்சுப் படபடப்புடன் நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு அழைத்து வரப்பட்டார். நாடித்துடிப்பு நிமிடத்திற்கு 140. ஏ.டி.எச்.டி. எனப்படும் கவனக் குறைபாட்டிற்காக மெத்தில்ஃபெனிடேட் மாத்திரையை ஒழுங்காக உட்கொண்டு வருபவர் அவர். தேர்வுக்குக் கண்விழிக்க நண்பர் கொடுத்த மோடஃபினிலையும், சளிக்காகக் கடையில் வாங்கிய மாத்திரையையும் அன்று சேர்த்துக்கொண்டிருந்தார், இடையிடையே காபியும். "எல்லாம் மருந்துக்கடையில் கிடைப்பவைதானே, டாக்டர்?" என்று அவருடைய தாயார் கேட்டார்.

நியாயமான கேள்விதான். தனித்தனியே அவை ஒவ்வொன்றும் பலருக்குப் பயன்படுபவை. ஆனால் மெத்தில்ஃபெனிடேட், மோடஃபினில் இரண்டும் மூளையை விழிப்புடன் வைக்கும் ஊக்கி மருந்துகள். சளி மாத்திரைகள் பலவற்றில் உள்ள ஃபினைல்எஃப்ரின் இரத்தக் குழாய்களைச் சுருக்குகிறது. ஒன்றாகச் சேரும்போது இதயத்துடிப்பும் இரத்த அழுத்தமும் அளவு மீறக்கூடும், உறக்கம் கெடும். மருந்துக்குக் கட்டுப்படாத காசநோய்க்குத் தரப்படும் லினசோலிட் கூட மெத்தில்ஃபெனிடேட்டுடன் சேர்ந்தால் இரத்த அழுத்தத்தை ஆபத்தான அளவுக்கு உயர்த்தலாம்.

சேர்த்துத் தருவதே தவறு என்று நாங்கள் சொல்லவில்லை. காலையில் நீண்ட நேரம் வேலை செய்யும் மாத்திரையும், பிற்பகலில் நான்கு மணி நேரம் போல வேலை செய்யும் மாத்திரையுமாக நாங்களே சிலருக்கு எழுதித் தருகிறோம். நாடி, இரத்த அழுத்தம், எடை, உறக்கம் ஆகியவற்றைத் தொடர்ந்து கவனித்தபடியே அதைச் செய்கிறோம். யாருடைய கவனத்திற்கும் வராத சேர்க்கையே எங்களை அஞ்ச வைக்கிறது.

மெத்தில்ஃபெனிடேட்டைச் சட்டம் எக்ஸ் அட்டவணையில் வைத்திருக்கிறது. சீட்டு இரு படிகளாக எழுதப்பட வேண்டும். ஒன்றைக் கடைக்காரர் இரண்டு ஆண்டுகள் பாதுகாக்க வேண்டும். ஆயினும் நண்பர் நீட்டும் மாத்திரைக்குச் சீட்டு ஏது?

எங்கள் பக்கமும் குறை உண்டு. "வேறு மருந்து ஏதும் உண்டா?" என்று அவசரமாகக் கேட்டு, "இல்லை" என்றதும் அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறோம். சளி மாத்திரையை மருந்தாக எண்ணாதவர் அப்படித்தான் சொல்வார். மனநல மருத்துவர் எழுதியது என்பதாலேயே அதைப் பிற மருத்துவர்களிடம் மறைக்கும் குடும்பங்களும் உள்ளன. அந்தக் கூச்சத்திற்கு நாங்களும் ஒரு காரணம். மறைக்கத் தேவையில்லாத வகையில் கேட்பது எங்கள் கடமை என்றே கருதுகிறோம்.

எனவே, எந்தப் பிரிவுக்கு வந்தாலும் வீட்டில் உட்கொள்ளும் அனைத்தையும் ஒரே பையில் கொண்டுவாருங்கள்: மாத்திரை, சத்துப்பொடி, நாட்டு மருந்து எதுவாயினும். அச்சத்தால் மருந்தை நீங்களாகவே நிறுத்திவிடாதீர்கள். நெஞ்சு வலி, மயக்கம், கடும் தலைவலி, மனக்குழப்பம் தோன்றினால் உடனே வாருங்கள்.

அந்த மாணவர் காலைக்குள் தேறினார். தமக்கென எழுதப்பட்ட மாத்திரையை மட்டும் இன்றும் தொடர்கிறார். அடுத்த பரிசோதனைக்குத் தாயார் ஒரு துணிப்பையுடன் வந்தார். நாங்கள் கேட்கும் முன்பே அதை மேசைமீது கவிழ்த்தார்.