யானைக்கும் வழி, சேதிக்கும் வழி

ஆழியாற்றிலிருந்து வால்பாறைக்கு மோட்டாரில் ஏறிப் போகிறவர்கள், 40 கொண்டை ஊசி வளைவுகளையும் எண்ணி முடித்த பிறகு (எண்ணாதவர் யார்?) ஜன்னலுக்கு வெளியே பார்த்து, "அடாடா, என்ன பச்சை!" என்று வியப்பது வழக்கம். பச்சைதான், சந்தேகமில்லை. ஆனால் அது தேயிலைப் பச்சை. மரத்திலேயே வாழும் மந்திக்கு அது வெறும் பொட்டல். யானைக்கு அதில் தீனியும் இல்லை, மறைவும் இல்லை.

1890-களில் தொடங்கி வெள்ளைக்காரத் துரைமார்கள் இங்கே காட்டை வெட்டித் தோட்டம் போட்டார்கள். சுற்றிலும் ஆனைமலை, பறம்பிக்குளம் காடுகள். நடுவே சுமார் 220 சதுர கிலோமீட்டருக்குத் தேயிலையும் காப்பியும். அதற்குள் 40-க்கும் மேற்பட்ட சோலைத் துண்டுகள் அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தப்பி நிற்கின்றன.

"கொஞ்சமாவது காடு மிஞ்சியிருக்கிறதே, போதாதா?" என்று கேட்பீர்கள். இதற்கு ஒரு கணக்கு உண்டு. 1957-ல் பிராட்பென்ட், ஹாமர்ஸ்லி என்ற இரண்டு இங்கிலாந்துக்காரர்கள் ஆரம்பித்து வைத்த கணக்கு. மிகப் பெரிய சதுரங்கப் பலகை ஒன்றை நினைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் கட்டமும் காடு. கண்ணை மூடிக்கொண்டு ஒவ்வொரு கட்டமாக அழித்துக்கொண்டே வாருங்கள். பக்கத்துக் கட்டத்துக்குப் போகலாம். மூலை வழியே தாவக் கூடாது. நூற்றுக்கு 30 அழிந்தாலும், 35 அழிந்தாலும், வளைந்து நெளிந்து ஒரு கோடியிலிருந்து மறுகோடிக்குப் போய்விடலாம். நூற்றுக்கு 41 அழிந்ததோ, போச்சு! பாதிக்கு மேல் காடு பாக்கியிருக்கிறது. ஆனால் குறுக்கே கடக்க வழி இல்லை. டெலிபோன் வலையில் இணைப்புகள் ஒவ்வொன்றாக அறுந்தாலும் இப்படித்தான். எண் மாறும், கதை மாறாது.

நல்ல வேளையாக, வால்பாறை சதுரங்கப் பலகை அல்ல. நடு ஆற்றின் கரையோரம் ஒட்டிக்கொண்டிருக்கும் மரங்களே யானைகளுக்கு ராஜபாட்டை. பகலில் சோலையில் நின்றுவிட்டு, இருட்டியதும் தேயிலைக்கு நடுவே நடந்து அடுத்த சோலைக்குப் போகின்றன. அதே இருட்டில்தான் தோட்டத் தொழிலாளியும் பஸ்ஸை விட்டு இறங்கி லைன் வீட்டுக்கு நடக்கிறாள். இங்கே யானையால் மாண்டவர்களில் பெரும்பாலோர் யானையை வம்புக்கு இழுத்தவர்கள் அல்ல. அது அங்கே நிற்பது தெரியாமல் எதிரே போனவர்கள். யானைக்குக் காடு அறுந்தது போல, மனிதருக்குச் சேதி அறுந்திருந்தது.

சேதியை ஒட்டவைக்கும் வேலையில் நேச்சர் கன்சர்வேஷன் பவுண்டேஷன் என்ற ஸ்தாபனத்தைச் சேர்ந்த ஆனந்தகுமாரும் அவர் தோழர்களும் இறங்கினார்கள். முதலில் உள்ளூர்க் கேபிள் டி.வி.யில், யானை எங்கே நிற்கிறது என்று சாயங்காலம் ஒரு வரி ஓடிற்று. டி.வி. பார்க்கிறவருக்குச் சரி, வழியில் நடக்கிறவருக்கு? 2011-ல் செல்போன் குறுஞ்செய்தி வந்தது. படிக்கத் தெரியாதவருக்குத் தமிழில் குரல் செய்தி. எனக்கு எல்லாவற்றையும்விடப் பிடித்தது சிவப்பு விளக்குதான். தூரத்திலிருந்தே கண்ணில் படும்படி உயரமான இடத்தில் அதை வைத்திருக்கிறார்கள். பக்கத்தில் யானை வந்தால், பொறுப்பேற்றுக்கொண்ட உள்ளூர்க்காரர் தம் போனிலிருந்து அதை ஏற்றிவிடுவார். பார்க்கிறவர் கையில் போன் வேண்டாம், படிப்பு வேண்டாம். இந்தப் பணிக்காக 2015-ல் ஆனந்தகுமாருக்கு விட்லி விருது கிடைத்தது.

இதெல்லாம் மனிதர் தப்பிக்க. யானைக்கு வேண்டியது ஆற்றங்கரை மரம். தோட்ட முதலாளிகள் கரையோரம் சில வரிசைத் தேயிலையை விட்டுக்கொடுத்தால் குடி முழுகிவிடாது.

மந்தி விஷயம் இன்னும் சிக்கல். மேற்குத் தொடர்ச்சி மலையைத் தவிர உலகில் வேறெங்கும் இல்லாத சிங்கவால் குரங்குகள், ஊரை ஒட்டிய புதுத்தோட்டத்துச் சோலையில் இருக்கின்றன. சாலைக்கு மேல் கிளையோடு கிளை சேராததால், தரையில் இறங்கிக் கடக்கின்றன. வண்டிச் சக்கரத்தில் சிக்கிச் சாகின்றன. அவற்றுக்குக் குறுஞ்செய்தி அனுப்ப முடியாதே! ஆகையால் தீயணைப்புக்காரர்களின் பழைய கான்வாஸ் குழாயை மரத்துக்கு மரம் இழுத்துக் கட்டி, சாலைக்கு மேலே பாலம் போட்டார்கள். யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை, மந்திகள் அதில் ஏறி நடக்கின்றன.