கைப்பேசி அப்பாவிடம் இருக்கிறது



2018-இல் வந்த தமிழ்நாட்டுப் புதிய பாடநூல்களிலேயே கியூஆர் குறியீடுகள் இடம்பெற்றன. 2023-இல் மணற்கேணி என்ற கற்றல் செயலியும் வந்துவிட்டது. அடுத்து மிகைமெய்மை, மெய்நிகர் ஆசிரியர் என்று பேசுகிறோம். அறிவியல் கற்பித்தவள் என்ற முறையில் இவற்றை நான் வரவேற்கிறேன். இதயத்தின் நான்கு அறைகளையும் வால்வுகள் திறந்து மூடுவதையும் கரும்பலகையில் வரைந்து காட்டுவது பெரும்பாடு. முப்பரிமாணத்தில் சுழற்றிப் பார்க்கும் பிள்ளைக்கு அது சட்டென்று விளங்கும். ஆனால் செம்பருத்திப் பூவைத் திரையில் காட்ட வேண்டாம். அதைப் பறித்து, பிளேடால் நீளவாக்கில் அறுத்து, சூலகத்தைக் கையால் தொட்டே படிக்கட்டும்.

மெய்நிகர் ஆசிரியர் விடையை ஊட்டிவிடக் கூடாது. கான் அகாடமி 2023-இல் அறிமுகப்படுத்திய கான்மிகோ என்னும் மெய்நிகர் ஆசிரியர், விடை சொல்லாமல் எதிர்க்கேள்வி கேட்டு வழிநடத்தும்படி வடிவமைக்கப்பட்டது. அதே பண்போடு, நம் பாடநூலின் கலைச்சொற்களில், தமிழ் பேசும் துணை நமக்கும் வேண்டும். கூச்சத்தால் வகுப்பில் வாய் திறக்காத பிள்ளை அதனிடமாவது சந்தேகம் கேட்கும்.

ஆனால் பல வீடுகளில் ஒரே கைப்பேசிதான். அதுவும் அப்பாவோடு காலையில் வேலைக்குப் போய் இரவில்தான் திரும்புகிறது. இத்தொழில்நுட்பங்களை வீட்டுப்பாடமாக்கினால் ஏழைப் பிள்ளை மேலும் பின்தங்கும். எனவே, பள்ளி உயர்தொழில்நுட்ப ஆய்வகங்களிலேயே, பாடவேளைக்குள், ஆசிரியர் உடனிருக்க இவற்றைப் பயன்படுத்தப் பள்ளிக் கல்வித்துறை ஏற்பாடு செய்ய வேண்டும்.

– ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை, தென்காசி மாவட்டம்