கருவி பிடியாத கை கற்பிக்குமா?

கொல்லன் மகன் கொல்லன், தச்சன் மகன் தச்சன் என்று பிறப்போடு தொழிலைப் பூட்டி வைத்தது வருணாசிரமம். 1953-இல் ஆச்சாரியார் கொணர்ந்த கல்வித் திட்டமோ, அரை நேரம் பள்ளி, மறு அரை நேரம் அப்பன் தொழில் என்று அந்தப் பூட்டை இறுக்க முனைந்தது. தமிழகம் கொதித்தெழுந்தது. 1954-இல் ஆச்சாரியார் பதவி விலகினார். காமராசர் ஆட்சி அத்திட்டத்தைக் கைவிட்டது. 2023-இல் மத்திய அரசு தொடங்கிய விசுவகர்மா திட்டத்திலும் குடும்பவழித் தொழில் என்னும் நிபந்தனை தலைகாட்டிற்று. தமிழ்நாடு அதையும் ஏற்க மறுத்தது.

நன்று, எதிர்த்தோம்! ஆனால் ஒன்று கேட்கிறோம். அப்பனிடம் கற்க வேண்டாம் என்று நாம் அழைத்துவந்த இளைஞனுக்குத் தொழிலைக் கற்பிப்பவர் யார்? தொழிற்பயிற்சி நிலையத்துப் பயிற்றுநர் அன்றோ! தொழில் குருதியில் ஓடுவதன்று, பயிற்சியால் வருவது என்னும் பகுத்தறிவு உண்மையை நாள்தோறும் மெய்ப்பிக்க வேண்டியவர் அவரே. அவர் கையில் திறன் இல்லையெனில்?

ஃபிட்டர் பிரிவிலே சேர்கிறான் உழவன் மகன் ஒருவன். அரத்தை முன்னே தள்ளும்போது அழுத்து, பின்னே இழுக்கும்போது அழுத்தாதே! கரும்பலகையில் எழுதினால் ஒரே வரி. ஆயினும் அவன் அராவிய இரும்பு தட்டையாகாமல் நடுவே மேடுதட்டி நிற்கிறதே! பிழை தோளிலா, நிற்கும் நிலையிலா? பல்லாயிரம் முறை அரம் பிடித்தவர் கண்ணுக்கே அது புலப்படும். வெல்டிங்கில் மின்வில் நீண்டால் ஒலி மாறும், பொறி சிதறும், இணைப்பு வலுவிழக்கும். அந்த ஒலியை அறியாத காது மாணவனைத் திருத்துமா?

"சான்றிதழ் இருக்கிறது, போதாதா?" என்பர் சிலர். ஓதுபவன் உயர்ந்தோன், உழைப்பவன் தாழ்ந்தோன் என்ற மனுவின் மிச்சமே இந்தப் பேச்சு! "பட்டறைக்காரனுக்குப் பாடம் நடத்தத் தெரியாதே" என்பர் வேறு சிலர். கைத்திறன் மட்டும் ஒருவரை ஆசிரியராக்கிவிடாது என்பதை நாமும் ஒப்புகிறோம். அதற்குத்தானே பயிற்றுநர்க்கென ஓராண்டுப் பயிற்சி இருக்கிறது! கற்பிக்கும் முறையை அங்கே பெறலாம். பட்டறையில் ஆண்டுக்கணக்கில் தேறிய கையை ஓராண்டில் பெற முடியுமா?

2022-இல் டாட்டா டெக்னாலஜிஸ் நிறுவனத்துடன் ஒப்பந்தம் செய்து, 71 அரசினர் தொழிற்பயிற்சி நிலையங்களைப் புதுப்பிக்க முனைந்தது தமிழ்நாடு அரசு. வரவேற்கிறோம். ஆனால் கணினிவழிக் கடைசல் எந்திரத்தை வாங்கினால் போதுமா? அதை இயக்கிக் காட்ட வேண்டியவர் நேற்றைய எந்திரத்தோடு நின்றுவிட்டால், புது எந்திரம் காட்சிப் பொருளாகும், மாணவன் பார்வையாளனாவான்.

எனவே கேட்கிறோம்: பயிற்றுநர் தேர்வில் கைவேலைச் சோதனைக்கு முதலிடம் தருக! சில ஆண்டுகளுக்கு ஒருமுறை முழு ஊதியத்துடன் அவரை ஆலைக்கு அனுப்பிப் புதுத்திறன் பெறச் செய்க! திறனுக்கேற்ற ஊதியமும் மதிப்பும் வழங்குக!

தோழர்களே! திறனற்ற பயிற்சி பெற்றவனை எந்த ஆலையும் ஏற்காது. வேலை கிடைக்காதவன் மீண்டும் அப்பன் தொழிலுக்கே திரும்புவான். அன்று குலக்கல்விக்குச் சட்டமும் தேவையில்லை, ஆச்சாரியாரும் தேவையில்லை. தலைவாயிலில் நாம் விரட்டிய பகை கொல்லைப்புறமாக நுழைய இடம் தரலாமா?