பெயரில்லாப் படங்கள் யாருக்குச் சொந்தம்?

1942 ஏப்ரல் 9ஆம் திகதி, கல்குடாவுக்குத் தெற்கே மட்டக்களப்புக் கடலில், பிரித்தானிய விமானந்தாங்கிக் கப்பலான ஹேர்மிஸை ஜப்பானிய விமானங்கள் மூழ்கடித்தன. 307 பேர் மாண்டனர். கப்பல் சரிந்து மூழ்கும் காட்சியை ஜப்பானிய விமானமொன்றிலிருந்தே படம்பிடித்தார்கள். ஜப்பானின் பழைய சட்டம் புகைப்படங்களுக்கு அளித்த பாதுகாப்பு மிகக் குறுகியது. ஆதலால் 1946க்கு முன் எடுக்கப்பட்ட படங்கள் அங்கே இன்று பொதுச்சொத்து.

நெதர்லாந்தின் 1912ஆம் ஆண்டுச் சட்டமும் இதற்கு ஓர் எல்லை வகுத்திருக்கிறது. ஆசிரியர் பெயரற்ற படைப்புக்கு, அது வெளியானதிலிருந்து 70 ஆண்டுகள் உரிமை உண்டு. எடுத்து 70 ஆண்டுகளுக்குள் வெளியிடப்படாவிட்டால் உரிமை அற்றுப்போகும்.

அந்நியர் நடத்திய போரின் படங்களுக்கு இவ்வாறு வழி பிறந்துவிட்டது. எங்கள் போரின் படங்களுக்கு?

இலங்கையின் 2003ஆம் ஆண்டு 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டமும், பெயரின்றி வெளியான படைப்புக்கு முதற்பிரசுரத்திலிருந்து 70 ஆண்டுகள் பாதுகாப்பளிக்கிறது. 1990இல் கிழக்கிலிருந்து பெயரின்றி வெளியான படமொன்றுக்கு 2060 வரை உரிமை உண்டு. அனுமதி கேட்கலாம் என்றால், யாரிடம் கேட்பது?

அக்காலத்தில் பத்திரிகைகளில் படமெடுத்தவரின் பெயரைத் தவிர்த்தது அலட்சியத்தால் மட்டுமன்று. பெயர் தெரிந்தால் உயிருக்கு ஆபத்து. அன்று உயிரைக் காத்த அதே மௌனம், இன்று ஆவணத்துக்குப் பூட்டாகிவிட்டது. படச்சுருள்கள் உப்புக்காற்றில் பழுதாகின்றன. சட்டத்துக்கு அஞ்சும் நூலகம் அவற்றை ஒதுக்குகிறது. அஞ்சாதவர்களோ இடமும் திகதியும் மாற்றி இணையத்தில் பரப்புகிறார்கள்.

உரிமையை ஒழிக்கச் சொல்லவில்லை. உயிரைப் பணயம் வைத்துப் படமெடுத்தவருக்கும் அவர் குடும்பத்துக்கும் அது உரியது. உரிமையாளரை நேர்மையாகத் தேடியும் காணவில்லையென்றால், ஆவணக் காப்பகங்கள் இலாப நோக்கின்றிப் பயன்படுத்தச் சட்டம் இடந்தர வேண்டும். உரியவர் பின்னர் வந்தால் அவர் சொல்லே முடிவாக வேண்டும். ஐரோப்பிய ஒன்றியம் 2012இல் இத்தகைய ஏற்பாட்டைச் செய்தது. ஆயினும் தனித்து நிற்கும் புகைப்படங்களை அதில் சேர்க்கவில்லை. எமக்குத் தேவையானதோ அதுதான்.

இன்னுமொன்று: பதிப்புரிமை எடுத்தவருக்குரியது, படத்தில் கிடக்கும் தாய்க்கோ பிள்ளைக்கோ அது எதையும் தருவதில்லை. சட்டத் தடை நீங்கினாலும், அவர்களின் மானத்தைக் காக்கும் பொறுப்பு பிரசுரிப்பவரை விட்டு நீங்காது.

சட்டம் திருந்தும்வரை காத்திராதீர்கள். உங்கள் வீட்டு அலுமாரியில் அப்படி ஒரு படம் இருந்தால், எடுத்தவர், இடம், திகதி ஆகியவற்றை அறிந்த மூத்தவர்கள் இருக்கும்போதே எழுதி வையுங்கள்.