மேல ஃபிலிம், கீழ துரு

புதுச்சேரி நூறடி ரோட்டுல கார் அலங்காரக் கடைங்க முன்னல்லாம் சீட் கவரும் மிதியடியும்தான் வித்துக்கிட்டிருந்தாங்க. இப்போ வாசல்லயே "ரேப்பிங்", "பி.பி.எஃப்."னு போர்டு தொங்குது. ஷோரூம்ல வண்டி எடுத்த கையோட, நம்பர் பிளேட் மாட்டுறதுக்கு முன்னாடியே ஃபிலிம் ஒட்ட வண்டிங்க வரிசையில நிக்குது.

என் கட்சி இதுதான். கடலோர ஊருல இருக்கிறவங்க வண்டி முழுக்க ஃபிலிம் ஒட்ட ஒரு லட்சத்துக்கு மேல செலவு பண்றது வீண். அதுல ஒரு பங்கு இருந்தா வண்டியோட அடிப்பக்கத்தைக் காப்பாத்திடலாம். விவசாயிக்கு இதுல என்ன வேலைன்னு கேக்காதீங்க. பிளாஸ்டிக்கும் வெயிலும் போடுற சண்டையை வயல்ல தினம் பாக்கிறவன் நான்.

ஒட்டுறதுல ரெண்டு வகை இருக்கு. கலர் மாத்துற வினைல், நம்ம ஃபிளெக்ஸ் பேனர் வகையறா பி.வி.சி. கனம் 100 மைக்ரான் அளவுதான். இன்னொண்ணு கண்ணாடி மாதிரி இருக்கிற பி.பி.எஃப். இது பாலியூரித்தேன், 150-லிருந்து 200 மைக்ரான் வரைக்கும் கனம். லேசான கீறல் வெயில் சூட்டுல தானா மறையும். இதோட மூலம் வியட்நாம் போர்ல இருக்கு. அமெரிக்க ஹெலிகாப்டர் விசிறிங்களை மணல் அரிக்காம இருக்கக் கண்டுபிடிச்ச சமாச்சாரம் அது.

இந்தக் கணக்கு எங்களுக்குப் பழக்கம். மிளகாய், தர்பூசணிக்கு விரிக்கிற மல்ச்சிங் ஷீட் 25, 30 மைக்ரான். பசுமைக்குடில் மேல போடுற ஷீட் 200 மைக்ரான். அதுக்கு வெயில் தாங்குற மருந்து சேர்த்திருப்பாங்க. அப்படியும் சில வருஷத்துல மேல் கூரைதான் முதல்ல வெளுத்து நொறுங்கும், பக்கச் சுவர் நிக்கும். காரும் அப்படித்தான். பானெட், கூரை ரெண்டும் வெயிலை நேரா வாங்குது. வாரண்டி தாளை முழுசாப் படிச்சுப் பாருங்க. படுக்கையா இருக்கிற பாகத்துக்கும் வெப்பமான ஊருக்கும் பல கம்பெனிங்க வருஷத்தைக் குறைச்சுத்தான் போட்டிருப்பாங்க.

சரி, புதுச்சேரியில வண்டியைக் கெடுக்கிறது எது? உப்புக் காத்து. அது மேல் பெயிண்டை அவ்வளவு சுலபமா தின்னாது, கம்பெனிக்காரன் அதுக்கு மேல் பூச்சு கொடுத்துத்தான் அனுப்புறான். மட்கார்டு உள்பக்கம், சைலன்சர், கதவோட அடி விளிம்பு, ஜல்லி அடிச்சு பெயிண்ட் உதிர்ந்த அடித்தகடு, இங்கதான் துரு குடியேறும். கதவுக்கு அடியில தண்ணி வடியச் சின்ன ஓட்டைங்க இருக்கும். மண்ணும் சருகும் அதை அடைச்சா தண்ணி உள்ளேயே நின்னு கதவு உள்ளிருந்தே அரிக்கும். முன் பம்பர் பிளாஸ்டிக், துருவே பிடிக்காது. ஆனா ஃபிலிம் முதல்ல ஏறுறது அதுமேலதான்!

2024 நவம்பர் 30 ராத்திரி ஃபெஞ்சல் புயல் நம்ம பக்கம்தான் கரையேறுச்சு. புதுச்சேரியில ஒரே நாள்ல 45 செ.மீ.க்கு மேல மழை. கிருஷ்ணா நகர்ல ராணுவம் படகோட வந்து ஜனங்களை மீட்டாங்க. அடுத்த ரெண்டு நாள்ல சாத்தனூர் அணைத் தண்ணி தென்பெண்ணையில வந்து பாகூர் பக்கத்து ஊருங்களுக்குள்ள புகுந்துடுச்சு. அந்தத் தண்ணிக்கு எந்த ஃபிலிமும் மறிப்பு கிடையாது. சேறு போனது வயரிங்குள்ளயும் பிரேக்குக்குள்ளயும் சீட்டுக்கு அடியிலயும். தண்ணியில நின்ன வண்டியை ஸ்டார்ட் பண்ணி என்ஜின் போனா, சாதாரண இன்ஷூரன்ஸ்ல பெரும்பாலும் காசு வராது. அதுக்குன்னு தனியா என்ஜின் பாதுகாப்பு சேர்த்திருக்கணும். கடலோரத்துல, தாழ்வான நகர்ல இருக்கிறவங்களுக்கு அந்தச் செலவு முதல் செலவு. ஃபிலிம் ஒட்டியிருந்தா அதையும் இன்ஷூரன்ஸ்காரங்ககிட்ட சொல்லிப் பாலிசியில எழுத வைங்க. இல்லன்னா அடிபட்ட கதவுக்கு ஃபிலிம் காசு உங்க கையிலிருந்துதான்.

பணத்தைவிட எனக்கு உறுத்துறது வேற. என் அக்கா மகன் டவுன்ல இருக்கான். பழைய வண்டி இருந்தப்ப களத்து மேடு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வருவான், டிக்கியில அரிசி மூட்டை, தேங்காய், ஒரு வாழைத்தார் ஏத்திக்கிட்டுப் போவான். புது வண்டி வாங்கி ஃபிலிம் ஒட்டினதுலேருந்து மெயின் ரோட்டுலயே நிறுத்திட்டு நடந்து வர்றான். "மாமா, கருவேல முள்ளு கீறிடும்"ங்கிறான். கீறாம இருக்கத்தானேடா ஒட்டின? "அந்த ஃபிலிம் கீறிடும் மாமா!" பெயிண்டைக் காக்க ஃபிலிம் வந்துச்சு, ஃபிலிமைக் காக்க ஆளு வெளியவே நிக்கிறான். அக்காவுக்கு முட்டி வலி, அவ்வளவு தூரம் நடக்க முடியாதுன்னு இப்போ வர்றதே குறைஞ்சுபோச்சு.

ஃபிலிமே ஆகாதுன்னு சொல்லல. ஜெர்மனியில டாக்சின்னா தந்த நிறத்துல இருக்கணும்னு 1971-ல விதி போட்டாங்க. அங்க நிறைய டாக்சிக்காரங்க வேற நிற வண்டி வாங்கி, மேல அந்த நிற ஃபிலிமை ஒட்டி ஓட்டிட்டு, விக்கும்போது உரிச்சுடுவாங்க. அது பிழைப்புக் கணக்கு. நீங்களும் வாரம் தவறாம சென்னைக்கு ஈ.சி.ஆர்.ல ஓட்டுறவரா இருந்தா பானெட் முன் விளிம்புக்கு மட்டும் ஒட்டுங்க, ஜல்லி தெறிக்கிறது அங்கதான். நகம் கீறுற கைப்பிடிக் குழி, மூட்டை உரசுற டிக்கி விளிம்பு இதுக்கும் ஒட்டலாம். முழு வண்டி வேணாம்.

டிங்கரிங் பண்ணி மறுபடி பெயிண்ட் அடிச்ச கதவுல ஒட்டாதீங்க, உரிக்கும்போது பெயிண்டும் சேர்ந்து வரும். துருப் புள்ளி மேல ஒட்டினா கீழ அது பாட்டுக்கு வளரும். கலரையே மாத்துனா ஆர்.சி.யிலயும் மாத்தணும். கண்ணாடியில கறுப்பு ஃபிலிமுக்கு 2012-லயே உச்ச நீதிமன்றம் தடை போட்டுச்சு. 2024-ல கேரள உயர் நீதிமன்றம், விதிப்படி வெளிச்சம் விடுற ஃபிலிம் கூடும்னு சொல்லியிருக்கு. அந்த விதி முன், பின் கண்ணாடிக்கு 70 சதவீதம், பக்கக் கண்ணாடிக்கு 50 சதவீதம்.

உரிச்ச ஃபிலிம் எங்க போகுதுன்னும் கடைக்காரரைக் கேளுங்க. கிழிஞ்ச மல்ச்சிங் ஷீட்டை வயல்ல பொறுக்குற கஷ்டம் எங்களுக்குத் தெரியும். பசை ஒட்டின பி.வி.சி.யை எரிச்சா வர்ற புகை எல்லாருக்கும்தான்.

இந்த ஐப்பசி மழைக்கு முன்னாடி வண்டியைப் பட்டறையில தூக்கி அடியைப் பாருங்க. தண்ணி பீச்சிக் கழுவி, நல்லாக் காய வச்சு, துருத்தடுப்பு பூசுங்க. சில ஆயிரத்துல முடியும். கதவு ஓட்டைங்களை ஒரு ஈர்க்குச்சியால குத்தி விடுங்க, அதுக்குக் காசே கிடையாது. அப்புறம் வண்டியை எங்க களத்து மேடு வரைக்கும் ஓட்டிக்கிட்டு வாங்க. மூட்டை கட்டி வைக்கிறேன்.