கூடமும் கோணலாக இருக்கலாம்

இரண்டாமாண்டு, பி.எஸ்ஸி. (கணிப்பொறி அறிவியல்)

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். தன் குறையை மறைக்கப் பிறவற்றின் மீது பழி போடுவோரை இடித்துரைக்க நம் முன்னோர் சொன்ன பழமொழி இது. ஆனால் நம் கணிப்பொறி ஆய்வுக்கூடத்தில் ஒன்றரை ஆண்டாக நான் காண்பது இதற்கு நேர்மாறான காட்சி. கூடம் உண்மையிலேயே கோணலாக இருக்கிறது. ஆடுகிறவர்களோ "எங்கள் காலில்தான் கோளாறு" என்று தலைகுனிந்து நிற்கிறார்கள். திரை உறைந்து போகிறது. தட்டாத எழுத்துகள் திரையில் விழுகின்றன. உடனே "நமக்கெல்லாம் இது வராதுடா" என்று பெருமூச்சு. வீட்டில் முதன்முதலாகக் கல்லூரி வாசலை மிதித்த என்னைப் போன்றோரிடமிருந்துதான் இந்தப் பெருமூச்சு அதிகம் வருகிறது. படித்த குடும்பத்துப் பிள்ளை இயந்திரத்தைச் சந்தேகிக்கிறான். நாங்கள் எங்களையே சந்தேகிக்கிறோம்.

நிரல் எழுதும் மாணவன் பெரும்பொழுதைக் கழிப்பது எடிட்டரில். சி மொழிக்கும் பைத்தானுக்கும் பாடநூல் உண்டு, தேர்வு உண்டு, மதிப்பெண் உண்டு. அவற்றை எழுதப் பயன்படும் எடிட்டருக்கோ ஒரு பாடவேளைகூட இல்லை. உழவைப் பற்றி ஓராண்டு பேசிவிட்டு ஏர் பிடிக்கச் சொல்லித் தராத கதைதான்! எடிட்டரைத் தன் கைக்கு ஏற்றபடி அமைத்துக்கொள்ளவும், அது முரண்டு பிடிக்கும்போது கோளாறு எந்த இடத்தில் என்று தேடிக் கண்டுபிடிக்கவும் ஒவ்வொரு மாணவனும் கற்றாக வேண்டும். அதற்கு ஆய்வுக்கூடம் இடம் தர வேண்டும். இதுவே என் தாழ்மையான கருத்து.

ஏன் இப்படி ஒரு கருவி?

லினக்ஸ் கணிப்பொறிகளில் நாம் பயன்படுத்தும் விம் எடிட்டரையே எடுத்துக்கொள்வோம். முதல் நாள் அதைத் திறந்து திகைக்காதவர் யார்? எழுத்தைத் தட்டினால் எழுத்து விழாது. 'ஐ' விசையை அழுத்தி எழுதும் நிலைக்குப் போக வேண்டும். எஸ்கேப் விசையை அழுத்தி மீள வேண்டும். நகர்வதற்கு எச், ஜே, கே, எல் என்று நான்கு விசைகள். இது என்ன கிறுக்குத்தனம் என்று கேட்கத் தோன்றும். தாராளமாகக் கேட்கலாம், விடை இருக்கிறது.

1976-ஆம் ஆண்டில், பெர்க்லியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தில் மாணவராக இருந்த பில் ஜாய், வி.ஐ. என்ற எடிட்டரை உருவாக்கினார். அவர் பயன்படுத்திய ஏ.டி.எம்.-3ஏ முனையத்தில் அம்புக்குறிகளுக்குத் தனி விசைகள் இல்லை. எச், ஜே, கே, எல் விசைகளின் மீதே அம்புகள் பொறிக்கப்பட்டிருந்தன. எஸ்கேப் விசை, இன்று டேப் விசை இருக்கும் இடத்தில், இடக்கைச் சிறுவிரலுக்கு எட்டும்படி இருந்தது. வீட்டிலிருந்து தொலைபேசிக் கம்பி வழியாக அவர் வேலை செய்த வேகம் வினாடிக்கு 300 பிட், அதாவது சுமார் 30 எழுத்து. 24 வரியும் வரிக்கு 80 எழுத்தும் கொண்ட திரை முழுவதையும் நிரப்ப ஒரு நிமிடத்துக்கு மேலாகும். அந்த நிலையில் ஓரெழுத்துக் கட்டளை பெரிய சிக்கனம் அன்றோ? 1991-இல் நெதர்லாந்தைச் சேர்ந்த பிராம் மூலனார், அதே மரபில் விம் எடிட்டரை வெளியிட்டார். விசைப்பலகை மாறிவிட்டது, வழக்கம் மட்டும் தங்கிவிட்டது. இன்று எஸ்கேப் விசை எங்கோ ஒரு மூலையில் கிடக்கிறது.

ஆகவே, நம் விரல் நோவதற்கு ஒரு வரலாறு உண்டு. காரணம் தெரிந்ததும் பரிகாரமும் தெரிகிறது. எழுதும் நிலையில் ஜே, கே இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினால் அதை எஸ்கேப் என்று கொள்ளும்படி, நம் அமைப்புக் கோப்பில் ஒரே ஒரு வரி எழுதினால் போதும்.

உறைந்த திரையும் உதிர்ந்த எழுத்துகளும்

என் வகுப்புத் தோழி ஒருத்தி, பள்ளியில் விண்டோஸில் பழகிய கைப்பழக்கத்தில், கோப்பைச் சேமிக்கக் கண்ட்ரோலையும் எஸ் விசையையும் சேர்த்து அழுத்தினாள். திரை உறைந்துவிட்டது. எதைத் தட்டினாலும் அசைவில்லை. சன்னலையே மூடிவிட்டு மறுபடி கோப்பைத் திறந்தாள். 'கவனம்' என்று தொடங்கி ஒரு திரை நிறைய எச்சரிக்கை வந்து நின்றது. கணிப்பொறியைக் கெடுத்துவிட்டோம் என்று எண்ணி அவள் கண் கலங்கிவிட்டாள்.

நடந்தது என்ன? எடிட்டர் ஓடிக்கொண்டிருக்கும் டெர்மினலுக்கு, கண்ட்ரோல்-எஸ் என்றால் 'அனுப்புவதை நிறுத்து' என்று பொருள். தொலையச்சு இயந்திரங்களின் காலத்து ஏற்பாடு இது. பல கணிப்பொறிகளில் இன்றும் அப்படியே இருக்கிறது. கண்ட்ரோல்-கியூ என்றால் 'தொடர்ந்து அனுப்பு'. அதை அழுத்தியிருந்தால் திரை அந்தக் கணமே உயிர் பெற்றிருக்கும். அடுத்து வந்த எச்சரிக்கையும் பகையன்று, துணை. 200 எழுத்துகள் தட்டினாலோ, நான்கு வினாடி கை ஓய்ந்தாலோ, விம் நம் வேலையை ஒரு தற்காலிகக் கோப்பில் எழுதி வைக்கிறது. அந்தக் கோப்பு மிச்சமிருப்பதைத்தான் அந்த எச்சரிக்கை சொல்கிறது. 'ஆர்' விசையைத் தட்டினால் இழந்தது மீளும். மீட்டுச் சேமித்த பின் அந்தத் தற்காலிகக் கோப்பை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் ஒவ்வொரு முறையும் அதே எச்சரிக்கை வரும். ஒன்றிலிருந்து ஒன்றாக வந்த இரண்டு நிகழ்ச்சிகள். இரண்டுக்கும் காரணம் உண்டு. அவளுடைய அறிவுக்குறை இரண்டிலும் இல்லை.

இன்னொன்று. உபுண்டுவைப் புதிதாக நிறுவிய கணிப்பொறியில் வி.ஐ. என்று அழைத்தால் வருவது விம்மின் சுருங்கிய வடிவம். அதில் எழுதும் நிலையில் அம்பு விசைகளைத் தட்டினால் ஏ, பி, சி, டி என்ற எழுத்துகள் தனித்தனி வரிகளில் விழும். பேய் பிடித்ததா என்று தோன்றும்! மேல்நோக்கிய அம்பை அழுத்தினால் டெர்மினலிலிருந்து எடிட்டருக்கு உண்மையில் செல்பவை மூன்று குறிகள்: எஸ்கேப், ஓ, ஏ. பழைய முறையில் இயங்கும் எடிட்டர் இவற்றைத் தனித்தனியாகப் படிக்கிறது. எஸ்கேப் வந்ததும் எழுதும் நிலையை விட்டு வெளியேறுகிறது. 'ஓ' வந்ததும் புதிய வரியைத் திறக்கிறது. 'ஏ' வந்ததும் அதை அந்த வரியில் எழுதிவிடுகிறது. எடிட்டர் சொன்னதைச் சொன்னபடி செய்திருக்கிறது, அவ்வளவே! முழுமையான விம்மை நிறுவினால் சிக்கல் தீரும்.

தமிழும் இதற்கு விலக்கன்று. நிரலில் தமிழில் குறிப்பு எழுதிப் பார்த்தவர்கள், டெர்மினலில் 'கொ', 'மோ' போன்ற எழுத்துகள் சிதைந்து தெரிவதைக் கண்டிருப்பீர்கள். "கணிப்பொறிக்குத் தமிழ் சரிப்படாது" என்று அங்கேயே தீர்ப்பு எழுதிவிடுகிறோம். அதே கோப்பை வேறோர் எடிட்டரிலோ பிரௌசரிலோ திறந்து பாருங்கள். அங்கே சரியாகத் தெரிந்தால், கோப்பில் தமிழ் நலமாகவே இருக்கிறது. கோளாறு காட்டுகிற டெர்மினலில். தமிழ் 1991 முதல் யூனிக்கோடில் இருக்கிறது. பழியை உரியவர் மீது போடுவோம்.

அம்மாவின் தையல் இயந்திரம்

கோளாறு தேடுவதற்கு ஒரு முறை உண்டு. அதை நான் கல்லூரிக்கு வருமுன்பே வீட்டில் பார்த்திருக்கிறேன். என் தாயார் எட்டாம் வகுப்போடு பள்ளியை விட்டவர்; தையல் இயந்திரத்தை மிதித்து என்னைப் படிக்க வைப்பவர். தையல் விட்டு விட்டு விழுந்தால் அவர் பதறுவதில்லை. முதலில் நூலைக் கழற்றி மறுபடி கோப்பார். சரியாகவில்லையா, ஊசியை மாற்றுவார். பிறகு பாபினை வெளியே எடுத்துப் பஞ்சைத் துடைப்பார். கடைசியாகத்தான் டென்ஷன் திருகில் கை வைப்பார். ஒவ்வொரு முறையும் வெட்டுத் துணியில் ஓட்டிப் பார்ப்பார். பிறர் கொடுத்த துணியில் சோதிக்க மாட்டார். "ரெண்டை ஒண்ணா மாத்தினா எதனால சரியாச்சுன்னு தெரியாதுப்பா" என்பார். அறிவியல் முறை என்று எங்கள் பாடநூல் நான்கு பக்கத்தில் சொல்வது இதைத்தான்.

எடிட்டரிலும் அதே வழி. முதலில், நம் அமைப்புகள் எதுவும் இல்லாமல் அதைத் திறந்து பார்க்க வேண்டும். விம்மை 'க்ளீன்' என்ற குறிப்போடு அழைத்தால் அது வெறுமையாகத் திறக்கும். அதுவே நம் வெட்டுத் துணி. அங்கே கோளாறு மறைந்தால், குற்றவாளி நம் அமைப்புக் கோப்பில் ஒளிந்திருக்கிறான். அடுத்து, கோப்பின் பாதியை முடக்கிப் பார்க்க வேண்டும். கோளாறு எந்தப் பாதியோடு வருகிறதோ அந்தப் பாதியை மறுபடி பாதியாக்க வேண்டும். நூறு வரிக் கோப்பானாலும் ஏழு சோதனைக்குள் குற்றமுள்ள வரி அகப்படும். தரவுக் கட்டமைப்புப் பாடத்தில் பைனரி தேடல் என்று மனப்பாடம் செய்கிறோமே, அது இங்கே கைக்கு வருகிறது! வி.எஸ். கோடு எடிட்டரில் நீட்சிகளை இப்படிப் பாதி பாதியாக முடக்கித் தேடும் வசதியை உள்ளேயே வைத்துவிட்டார்கள். விம்மில் இன்னொரு நல்ல வசதியும் உண்டு. ஓர் அமைப்பின் மதிப்பைக் கேட்கும்போது 'வெர்போஸ்' என்ற சொல்லை முன்னால் சேர்த்தால், அதைக் கடைசியாக மாற்றியது எந்தக் கோப்பு என்று பெயரோடு சொல்லிவிடும்.

இரவல் சட்டை வேண்டாம்

அமைத்துக்கொள்வதிலும் ஓர் எச்சரிக்கை. மூத்த மாணவர் ஒருவரின் முந்நூறு வரி அமைப்புக் கோப்பை அப்படியே நகலெடுத்துக்கொள்வது நம்மிடையே பரவிவரும் வழக்கம். இரவல் சட்டை, எங்கே கிழிந்திருக்கிறது என்று உடுத்தியவனுக்கே தெரியாது. டேப் விசையைத் தட்டினால் இடைவெளிகளாக மாற்றும் ஒரு வரி அதில் இருக்கும். பைத்தானுக்கு அது நல்லது. டேப்பும் இடைவெளியும் முறையின்றிக் கலந்தால் பைத்தான் 3 ஏற்காது. ஆனால் 1976-இல் பெல் ஆய்வகத்தில் ஸ்டூவர்ட் ஃபெல்ட்மன் உருவாக்கிய மேக் என்ற கருவிக்குரிய கோப்பில், கட்டளை வரி டேப்பில்தான் தொடங்க வேண்டும். அங்கே அதே வரி பிழையாகிறது. இரண்டும் கண்ணுக்கு ஒன்றுபோல் தெரிவதால் மாணவன் மணிக்கணக்கில் திணறுகிறான்.

ஒரு வரிகூட வினை செய்யும். 2016-இல் வந்த விம் 8.0 முதல், நமக்கென்று அமைப்புக் கோப்பு இல்லாதபோது எடிட்டர் தன் பொது அமைப்பைத் தானே ஏற்றிக்கொள்கிறது. வரி எண் தெரிய வேண்டுமென்று நாம் ஒரே வரியில் ஒரு கோப்பை எழுதினால், பொது அமைப்பு வராமல் நின்றுவிடும். சில கணிப்பொறிகளில் நிரலின் வண்ணங்கள்கூட மறைந்துவிடும். ஆகவே ஒரு விதி சொல்வேன்: எதற்கு என்று விளக்க முடியாத வரி நம் கோப்பில் இருக்கக் கூடாது. பத்து வரி போதும்; பத்தும் நம்முடையதாக இருக்கட்டும்.

மறுப்புகளும் வேண்டுகோளும்

"வண்ணம் மாற்றிக்கொண்டிருந்தால் பாடம் எப்போது படிப்பது?" என்று கேட்போர் உண்டு. நியாயமான கேள்வி. மாலை முழுதும் திரைக்கு அலங்காரம் செய்துவிட்டு ஒரு வரி நிரலும் எழுதாதவர்களை நானும் அறிவேன். அவர்களுக்காக நான் வாதாடவில்லை. ஒரே இடையூறு மூன்றாம் முறை வந்தால் அமைப்பை மாற்று. அதுவரை வேலையைப் பார் என்பதே என் கட்சி. "செயற்கை நுண்ணறிவு நிரலை எழுதித் தரும் காலத்தில் இதெல்லாம் எதற்கு?" என்பது மற்றொரு கேள்வி. எழுதித் தந்த நிரல் ஓடாதபோது எந்தப் பாதியில் கோளாறு என்று பார்க்க ஒருவர் வேண்டாமா? அந்த ஒருவர் நாமாக இருக்கலாமே!

ஆசிரியப் பெருமக்களிடம் என் விண்ணப்பங்கள் இரண்டு. 'கணிப்பொறியில் எதையும் மாற்றாதே' என்ற தடை, பலர் ஒரே பெயரில் புகுந்து வேலை செய்வதால் எழுந்தது. மாணவர் ஒவ்வொருவருக்கும் தனிப் புகுபெயர் கொடுத்தால், அவரவர் அமைப்புக் கோப்பு அவரவர் இருப்பிடத்திலேயே இருக்கும். அடுத்தவருக்கு ஒரு தீங்கும் வராது. இது முதலாவது. முதல் பருவத்தில் ஒரே ஒரு ஆய்வுக்கூட வேளையை, வேண்டுமென்றே கெடுத்த ஓர் எடிட்டரைக் கொடுத்து, கோளாறைக் கண்டுபிடிக்கச் சொல்லும் பயிற்சிக்கு ஒதுக்குங்கள். இது இரண்டாவது. செலவு ஏதுமில்லை, விம் விலையின்றிக் கிடைப்பது. பயன்படுத்துவோர் விரும்பினால் உகாண்டாவின் கிபாலே பகுதிக் குழந்தைகளுக்கு உதவலாம் என்பதே 2023-இல் மறைந்த மூலனாரின் வேண்டுகோளாக இருந்தது.

நண்பர்களே! அடுத்த முறை திரை உறைந்தால் "எனக்கு வராது" என்ற சொல்லை ஐந்து நிமிடம் தள்ளிப் போடுங்கள். அந்த ஐந்து நிமிடத்தில் எடிட்டரை வெறுமையாகத் திறந்து பாருங்கள், பாதியை முடக்கிப் பாருங்கள், யார் மாற்றியது என்று கேட்டுப் பாருங்கள். கோளாறுக்கு ஓர் இருப்பிடம் உண்டு. பெரும்பாலும் அது ஏதோ ஒரு கோப்பில் ஏதோ ஒரு வரி. நம் பிறப்பிலோ நாம் படித்த பள்ளியிலோ அது இருப்பதில்லை.