பெண்வேடமும் ஆண்மையின் நிபந்தனையும்

சிலப்பதிகாரக் கடலாடு காதையில் மாதவி ஆடிய பதினோராடல்களுள் ஒன்று பேடு. வாணனது நகரில் காமன் பேடிக்கோலம் பூண்டு ஆடியதாகக் கூறப்படும் இவ்வாடலை நிகழ்த்துபவள் ஒரு பெண். பெண்ணொருத்தி ஆண் தெய்வமாகி, அத்தெய்வத்தின் பேடிக்கோலத்தையும் ஏற்கிறாள். மணிமேகலையின் மலர்வனம் புக்க காதையோ தாடியும் பூங்குழலும் ஒருங்கே விளங்கும் பேடிக்கோலத்தையும், அதனைத் தெருவில் நின்று காண்போரையும் காட்டுகிறது. தாடியை மறைக்க அங்கு முயற்சியில்லை. இருபால் கூறுகளின் கலப்பே காட்சிப் பொருளாகிறது.

இச்சான்றுகளைக் கொண்டு, பால்மாற்று வேடத்தைத் தமிழ்ச் சமூகம் என்றும் இயல்பாக ஏற்றது என வாதிடுவோர் உளர். அம்முடிபு மறுபரிசீலனைக்குரியது. தெருக்கூத்தில் திரௌபதியாகவும் பொன்னுருவியாகவும் ஆண்கள் ஆடிவந்துள்ளனர். பாலர் நாடகக் குழுக்களில் சிறுவர்கள் ஸ்திரீபார்ட் ஏற்றனர். ஆண் என்றே தெரியவில்லை என்பதே இவர்களுக்குக் கிடைத்த உயர்ந்த பாராட்டு. அப்பாராட்டினுள் ஒரு நிபந்தனையும் உண்டு: அரிதாரம் கலைந்ததும் கலைஞர் ஐயத்திற்கிடமின்றி ஆணாகிவிட வேண்டும். மேடையில் போற்றப்பட்ட நளினம் அன்றாட நடையிலோ குரலிலோ எஞ்சுமாயின், இரவில் வியந்த ஊரே பகலில் எள்ளுகிறது. பெண்மையை இழிவெனக் கருதி, அதன் சாயலையும் ஆணிடமிருந்து அகற்ற முனையும் இந்நோக்கே நச்சு ஆண்மை எனப்படுவது.

போற்றப்படும் பெண்வேடமும் இந்நோக்கிலிருந்து முற்றிலும் விடுபட்டதன்று. தி.க. சண்முகம் ஒளவையாராக நடித்து ‘அவ்வை’ என்னும் அடைமொழியைத் தம் பெயரின் பகுதியாகவே பெற்றார். அவர் ஏற்றது இளமையைத் துறந்த மூதாட்டியின் வேடம் என்பது கருதத்தக்கது. முதுமையும் புலமையும் தாய்மையும் சார்ந்த பெண்மை ஆணுக்குப் பெருமை சேர்க்கிறது. இளமையும் விழைவும் சார்ந்த பெண்மையோ, குறிப்பாகத் திரைப்பட நகைச்சுவையில், பெரும்பாலும் சிரிப்பாக மாற்றப்படுகிறது. அச்சிரிப்பு நடிகரின் ஆண்மைக்குக் காவலாகிறது.

கூத்தாய்வுகள் ஒப்பனை, அடவு, பாடல், கதைக்கூறு ஆகியவற்றை விரிவாகப் பதிவு செய்துள்ளன. ‘பெண்வேடக் கலைஞர்’ என்னும் ஒற்றைத் தொடரால் அனைவரையும் சுட்டும்போது வேடமும் பாலின அடையாளமும் ஒன்றாய்க் குழம்புகின்றன. பெண்வேடமிடும் ஆணைத் திருநங்கை எனக் கருதுவது பிழை. அவ்வேடத்தில் தம் அடையாளத்தைக் கண்டடைந்தவரை வெறும் நடிப்புத் திறனாளராகச் சுருக்குவதும் பிழையே. பரதநாட்டியக் கலைஞரும் 2019இல் பத்மஸ்ரீ விருது பெற்றவருமான திருநங்கை நர்த்தகி நடராஜுக்குப் பெண்மை வேடமன்று. பாலின அடையாளம் ஒருவர் தாமே உணர்ந்து அறிவிப்பது என்பதை உச்ச நீதிமன்றம் 2014 ஏப்ரல் 15ஆம் நாள் தீர்ப்பில் ஏற்றது. கள ஆய்விலும் கலைஞர் தம்மைச் சுட்டும் சொல்லே முதற்சான்றாக வேண்டும். அதைக் கூறாதிருக்கும் உரிமையும் அவருக்கு உண்டு.

பெண்வேடம் தன்னளவில் ஆண்மையின் இறுக்கத்தைத் தளர்த்திவிடுவதில்லை. வேடம் கலைத்தபின் தம்மை ஆணென மெய்ப்பிக்கும் கட்டாயம் கலைஞருக்கு இல்லாதபோதே அது நிகழும். எனவே விடியலில் அரிதாரம் கழுவியபின் அவர் ஊருக்குள் எவ்வாறு நடத்தப்படுகிறார் என்பதும் கூத்தாய்வின் தரவாக வேண்டும்.